மிச்சத்தில் ஒரு ட்ராம், அதில் மிச்சமிருக்கும் ஒற்றைத் தடம்

தெரிந்த தம்பி ஒருவர் மிச்சத்தில் வீடு பார்க்கிறார். தெற்கு லண்டனில் உள்ள மிச்சம் (Mitcham) என்ற அந்த ஊரின் பெயரை வைத்து நம் ஆட்கள் செய்யாத கேலி இல்லை. "ட்ராம் இருக்குத்தானே அண்ணா, நம்பி வாங்கலாமா?" என்றார். அவர் கேட்ட நேரம் சரியில்லை. காலையில்தான் அந்த ட்ராமுக்குள் நின்று பல்லைக் கடித்துவிட்டு வந்திருந்தேன்.

விம்பிள்டனுக்கும் வெஸ்ட் க்ராய்டனுக்கும் நடுவே முன்பு ரெண்டு பெட்டி ரயில் ஒன்று போய்வரும். பெரும்பாலும் ஒற்றைத் தடம், கூட்டமும் இல்லை. 1997 மே மாதத்தோடு அதை நிறுத்தினார்கள். 2000 மே மாதம் அதே பாதையில் ட்ராம் வந்தது.

எனக்குப் பிடித்தது, ரயில் முடிந்த இடத்தில் இது முடியாமல் தெருவுக்குள் இறங்குவதுதான். சர்ச் ஸ்ட்ரீட்டில் இறங்கினால் சர்ரே ஸ்ட்ரீட் சந்தை கூப்பிடு தூரம். ஈஸ்ட் க்ராய்டன் ஸ்டேஷன் வாசலிலேயே நிற்கிறது; பழைய ரயில் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. முழங்கால் வலிக்காரியான அம்மா ஒரு படிகூட ஏறாமல் உள்ளே போய் உட்கார்ந்துவிடுவார். கட்டணமும் பஸ் கட்டணம்தான். இன்னொரு சின்ன சந்தோஷம்: முதலில் வந்த 24 வண்டிகளுக்கும் 2530 முதல் எண் போட்டார்கள். பழைய லண்டன் ட்ராம்களின் கடைசி எண் 2529. ஐம்பது வருடம் கழித்து விட்ட இடத்திலிருந்து எண்ணத் தொடங்கிய ஆள் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு.

ஆனால் அந்த ஃபிப்ஸ் பிரிட்ஜ் நிறுத்தம்! அங்கிருந்து மோர்டன் ரோடு வரை இன்னும் ஒற்றைத் தடம். எதிரே வருவது கடக்கும்வரை நாம் கதவை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். ஒரு நிமிடம் என்றால் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஒரு வண்டி பிந்தினால் அடுத்தடுத்த வண்டிகளும் பிந்தும், விம்பிள்டனில் பிடிக்க வேண்டிய ரயில் கண்ணெதிரே போகும். இன்று போனது. ஓட்டுநரைக் குறை சொல்ல முடியாது, அவரும் நம்மோடுதானே நிற்கிறார். மிச்சத்துக்கும் மிச்சம் ஜங்ஷனுக்கும் இடையே 2012-இல் இரட்டைத் தடம் போட்டார்கள். அந்தக் கையோடு இதையும் முடித்திருக்கலாம். இருந்த ரயில் பாதையை அப்படியே எடுத்துக்கொண்டால் செலவு குறைவு, சரி. அந்தச் செலவைத் தினமும் என் நேரத்தில் கழிக்கிறார்கள்.

தம்பிக்கு ட்ராம் இல்லாத டூட்டிங் பக்கம் பார்க்கச் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை சந்தைக்குப் போய்விட்டு வந்த பிறகு கேட்டிருந்தால் வேறு பதில் கிடைத்திருக்கும்.