ஃப்ளோட்டை அளப்பதா, ட்யூபில் பெட்ரோலையே பார்ப்பதா?

கார்புரேட்டரில் பெட்ரோல் மட்டம் பார்க்க இரண்டு வழி இருக்கிறது. அடியில் பெட்ரோல் தேங்கும் கிண்ணமான பவுலைக் கழற்றி, அந்தப் பெட்ரோலில் மிதக்கும் ஃப்ளோட்டின் உயரத்தை ஸ்கேலால் அளப்பது ஒன்று. ஹோண்டா சர்வீஸ் மேனுவல்களில் பெரும்பாலும் இதுதான். பவுலுக்கு அடியில் பெட்ரோலை வடிக்க இருக்கும் ட்ரெயின் மூக்கில் கண்ணாடி மாதிரித் தெரியும் ட்யூபை மாட்டி, பெட்ரோல் எங்கே நிற்கிறது என்று நேராகப் பார்ப்பது இன்னொன்று. கவாசாகி மேனுவல்கள் பலவற்றில் இதைப் பார்க்கலாம்.

என் ஓட்டு ட்யூபுக்குத்தான். போன வருஷம் என் பழைய 100 சிசி வண்டியில் ஃப்ளோட் உயரம் கச்சிதமாக இருந்தது, ஆனாலும் நிறுத்தி வைத்தால் காலையில் தரையில் பெட்ரோல் ஈரம், பிளக்கும் கரி பிடித்துக் கிடந்தது. ட்யூபை மாட்டிப் பார்த்தால் மட்டம் நிற்காமல் மெல்ல ஏறிக்கொண்டே போகிறது. ஃப்ளோட் ஏறும்போது பெட்ரோல் வரும் வழியை அடைக்கும் நீடிலை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினேன்: கூம்பு நுனியில் நகம் இடறும் அளவுக்கு ஒரு வளையத் தேய்மானம். இதை எந்த ஸ்கேலும் சொல்லாது, ஏனென்றால் ஸ்கேல் அளப்பது ஃப்ளோட்டை, பெட்ரோலை அல்ல. ஓட்டை விழுந்து உள்ளே பெட்ரோல் புகுந்த பித்தளை ஃப்ளோட்டும் அப்படித்தான், அளவில் சரியாக இருக்கும், மிதக்காது. காதருகே வைத்து ஆட்டினால் சளசளவென்று கேட்கும்.

ட்யூபிலும் கவனம் வேண்டும். இன்ஜின் ஆறியிருக்கணும், பக்கத்தில் நெருப்பு கூடாது, வண்டி சென்டர் ஸ்டாண்டில் நேராக நிற்கணும். ட்யூபை, பவுல் கார்புரேட்டரோடு சேரும் கோட்டுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, பெட்ரோல் டேப்பைத் திறந்து, ட்ரெயின் ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும். பிடித்த ட்யூபைக் கீழே இறக்கி மறுபடி மேலே தூக்கினால் உண்மையைவிட உயரமாகக் காட்டும், அந்த அளவை நம்ப வேண்டாம்.

ட்ரெயின் மூக்கே இல்லாத கார்புரேட்டரில் ஸ்கேலைத் தவிர வேறு வழியில்லை. புது நீடில் போட்டதும் முதல் செட்டிங்குக்கும் அதுதான் வசதி. கார்புரேட்டரை முழுசாகக் கவிழ்க்காமல் சாய்த்துப் பிடியுங்கள். நீடிலைத் தள்ளும் ஃப்ளோட்டின் நாக்கு, நீடிலின் ஸ்பிரிங் முனையைத் தொட மட்டும் வேண்டும், அமுக்கினால் அளவு தப்பு.

மட்டத்தை மாற்றுவது இரண்டிலும் ஒரே வேலைதான். நாக்கை நீடில் பக்கம் வளைத்தால் நீடில் சீக்கிரம் மூடும், மட்டம் இறங்கும்; எதிர்ப்பக்கம் வளைத்தால் ஏறும். மயிரிழை அளவு வளைத்தாலே ட்யூபில் வித்தியாசம் தெரியும், அவசரப்பட வேண்டாம். அப்புறம், நாக்கும் பிளாஸ்டிக் என்றால் வளைக்கவே முயலாதீர்கள், உடைந்துவிடும். ஃப்ளோட்டையும் நீடிலையும் புதிதாகப் போட்டு மறுபடி ட்யூபை மாட்டிப் பாருங்கள்.