ஒரே பாடம், நான்கு இடம்: டர்பனில் ஒரு வருடம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இன்வெர்ட்டரும் சோலாரும் பொருத்துவது என் வேலை. 2024 ஜூனில் தொடங்கி 2025 ஜூன் வரை, வேலையில் கற்றதை யூடியூப், சொந்தமாக ஓர் இணையதளம், வாட்ஸ்அப் சேனல், இன்ஸ்டாகிராம் என்று நான்கு இடத்திலும் தமிழில் போட்டு வந்தேன், இன்ஸ்டாகிராமை மட்டும் இடையில் நிறுத்தினேன். எதுவும் பத்து நாள் பார்த்துவிட்டுச் சொல்வதில்லை, வருடம் முழுக்க உழைத்துப் பார்த்துச் சொல்கிறேன்.

அதிகம் கற்றுக்கொடுத்தது மின்சார மீட்டர்தான். இங்கே நிறைய வீடுகளில் ப்ரீபெய்டு மீட்டர். கடையிலோ போனிலோ காசு கட்டினால் 20 இலக்க எண் ஒன்று வரும், அதை மீட்டரில் தட்டினால் யூனிட் ஏறும். அந்த எண்ணுக்குள்ளே, அது வழங்கப்பட்ட நேரமும் ஒளிந்திருக்கிறது: 2024 வரை அது 1993 ஜனவரி 1 முதல் எத்தனை நிமிடம் ஓடியிருக்கிறது என்ற கணக்கு. அதற்கு ஒதுக்கிய இடம் 24 பிட், அதாவது 0 அல்லது 1 மட்டும் நிற்கும் 24 கட்டம். 24 பிட்டில் 1,67,77,216 நிமிடம்தான் அடங்கும், நாளாக்கினால் 11,650 நாளும் கொஞ்சமும், அது போய் முடிகிற தேதி 2024 நவம்பர் 24. அதற்குள் ஒவ்வொரு மீட்டரிலும் இரண்டு சிறப்பு எண்களை வரிசை மாறாமல் தட்டி, கணக்கைப் புதிதாகத் தொடங்க வைக்க வேண்டியிருந்தது. தவறவிட்டால் மீட்டரில் மிச்சம் இருக்கிற யூனிட் ஓடும், ஆனால் புதிதாக வாங்கும் எண்ணை அது ஏற்காது.

இது கிடைத்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அக்டோபரில் 12 நிமிடக் காணொளி ஒன்று எடுத்தேன், முதல் பாதி முழுக்க அந்த 24 பிட் கணக்கு, வெள்ளைப் பலகையில் எழுதி எழுதிக் காட்டினேன். போட்ட அதே வாரம் டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியிலிருந்து ஓர் ஆன்ட்டி போன் செய்தார், அவர் வீட்டில் நான்தான் இன்வெர்ட்டர் மாட்டியிருந்தேன். ஒரு கையில் ரசீது, இன்னொரு கையில் டார்ச், மீட்டர் முன்னால் நிற்கிறார். "தம்பி, மூணு நம்பர் வந்திருக்கு, எதை முதல்ல அடிக்கணும்?" அந்தப் பதில் என் காணொளியில் ஒன்பதாவது நிமிடத்தில் இருந்தது. டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர் ஒன்பது நிமிடம் எங்கே காத்திருப்பார்?

அவர் வீட்டில் கேட்டுப் பழகிய தமிழ் பேசுவார், எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாது. இங்கே அந்தத் தலைமுறையில் இப்படிப் பலர். என் இணையதளத்துப் பக்கமும் அவருக்குப் பயன்படாது. அன்று இரவே 40 வினாடிக்குக் குரல் பதிவு ஒன்று செய்தேன்: "ரசீதுல மேல இருக்கறத முதல்ல அடிங்க, மீட்டர் சரின்னு காட்டின அப்புறம் ரெண்டாவது, கடைசியாத்தான் நீங்க காசு கட்டி வாங்கினது." சேனலில் போட்டேன். ஆன்ட்டி அதை டர்பனுக்கு வடக்கே டோங்காட்டில் இருக்கும் தங்கைக்கு அனுப்ப, அவர் இன்னும் யார் யாருக்கோ அனுப்ப, இரண்டு வாரம் கழித்து இங்கே ஃபீனிக்ஸ் பகுதியில் வேலைக்குப் போன வீட்டில் என் குரலையே எனக்குப் போட்டுக் காட்டினார்கள். அதே நேரம் அந்த 24 பிட் கணக்கைத் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இருப்பவர்கள் விரும்பிப் பார்த்தார்கள், பொறியியல் படிக்கிற பிள்ளைகள் சந்தேகம் கேட்டு எழுதினார்கள். ஒரே பாடம்தான், ஆனால் காதால் கேட்கிறவர் வேறு, கண்ணால் படிக்கிறவர் வேறு, கையில் வேலையோடு நிற்கிறவர் வேறு. இப்போதெல்லாம் "இதைத் தேடும்போது அவர் எங்கே நின்றுகொண்டிருப்பார்" என்று யோசித்துவிட்டுத்தான் எங்கே போடுவது என்றே முடிவு செய்கிறேன்.

யூடியூபைப் பற்றிச் சொன்னால், முகம் தெரியாதவர்களைக் கூட்டி வருவதில் அதற்கு ஈடு இல்லை. இங்கே மாலை ஐந்து மணிக்குப் போட்டால் ஊரில் எட்டரை, சாப்பிட்டு முடித்துப் போனை எடுக்கும் நேரம், அது நன்றாகப் பொருந்தியது. ஆனால் ஏற்றிய காணொளியை அதே முகவரியில் வைத்துக்கொண்டு மாற்ற முடியாது. வெட்டலாம், மங்கலாக்கலாம், சொன்னதைத் திருத்திச் சொல்ல முடியாது. இதில் நான் அடிபட்டேன். 51.2 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர் பேட்டரி என்றால் பெருக்கினால் 5.12 கிலோவாட்-ஹவர். அதை ஒரு காணொளியில் "5 கிலோவாட் பேட்டரி" என்று சொல்லிவிட்டேன். கடைகளில் அப்படித்தான் பேசுகிறார்கள், வாயில் வந்துவிட்டது. கிலோவாட் என்பது ஒரு நேரத்தில் இழுக்கிற வேகம், கிலோவாட்-ஹவர்தான் உள்ளே இருக்கிற மொத்த அளவு. கேட்டவர் ஒருவர், அப்படியானால் 3 கிலோவாட் கீசரை இரவு முழுக்கப் போடலாம்தானே என்று எழுதினார். போட்டால் முழு பேட்டரியும் ஒன்றே முக்கால் மணி நேரம்கூடத் தாங்காது. காணொளியை எடுத்துவிட்டு முழுவதையும் மறுபடி பதிவு செய்தேன், பழைய இணைப்பைப் பகிர்ந்தவர்களுக்கெல்லாம் அது செத்த இணைப்பு. இதே பிழை இணையதளத்திலும் இருந்தது, அங்கே இரண்டு நிமிடத்தில் திருத்தி, திருத்திய தேதியையும் கீழே எழுதினேன். வாட்ஸ்அப் குழுவில் அனுப்பியது? 15 நிமிடம் தாண்டினால் திருத்த முடியாது, பிறர் கைமாற்றி அனுப்பியது அப்படியே சுற்றிக்கொண்டிருக்கும். அதனால் எண் வருகிற எதையும் முதலில் இணையதளத்தில் எழுதி, ஒரு வாரம் ஊறவிட்டு, அப்புறம்தான் கேமராவை எடுக்கிறேன்.

இணையதளம் கிட்ஹப் பேஜஸில் இருக்கிறது, இடத்துக்குக் காசு இல்லை, டொமைனுக்கு மட்டும் வருடச் செலவு. முதல் ஆறு மாதம் யாரும் வரவில்லை என்றே சொல்லலாம். 2024 மார்ச் 26-க்கு அப்புறம் பத்து மாதம் லோட் ஷெட்டிங் (முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு) இல்லாமல் இருந்தது, 2025 ஜனவரி 31 மாலை திரும்ப வந்தது. அன்று இரவு, நான் எப்போதோ எழுதி வைத்த "பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும்" பக்கத்துக்குத் தேடலிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஜோகன்னஸ்பர்க் பக்கம் வேலைக்கு வந்திருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள்தான் அதிகம் எழுதினார்கள். எழுத்து இப்படிக் காத்திருக்கும் என்று அன்றுதான் நம்பினேன்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு நடைமுறை விஷயம். சுற்றுப் படங்களை எழுத்துகளையும் கோடுகளையும் அடுக்கி வரைந்தால் தமிழ் எழுத்தின் அகலம் ஒன்றுபோல் இருக்காது, கட்டம் கோணிப் போகும். நான் எஸ்விஜி படமாக (கோடுகளாகவே சேமிக்கும் பட வகை) வரைகிறேன், அளவும் சின்னது, உள்ளே இருக்கும் தமிழ்ச் சொல்லும் எழுத்தாகவே இருக்கும். சொல் விஷயத்தில் தலைப்பில் "பேட்டரி", "எர்த் ஒயர்" என்றே வைக்கிறேன், தேடுகிறவர் அதைத்தான் தட்டுவார். உள்ளே மின்கலம், புவியிணைப்பு என்று ஒரு தடவை சொல்லிவிட்டு மேலே போகிறேன். படிக்கிற பிள்ளைக்கு அந்தச் சொல்லும் வேண்டும், வயர்மேனுக்கு இந்தச் சொல்லும் வேண்டும்.

ஒரு வருத்தமும் உண்டு. ஆடி மாதம் பக்கத்துக் கோயிலில் மாரியம்மனுக்குக் கஞ்சி ஊற்றும் நாளில், எர்த் கம்பி இறக்குவதை வெளியே நின்று பதிவு செய்தேன். ஒலிபெருக்கிப் பாட்டு பின்னால் லேசாகக் கேட்டது, அவ்வளவுதான், ஒரு தளத்தில் பதிப்புரிமைப் புகார் வந்து அந்தப் பகுதியின் ஒலியையே நிறுத்திவிட்டார்கள். மண்ணில் எவ்வளவு ஆழம் இறக்க வேண்டும் என்று நான் சொன்னதும் அதோடு போயிற்று. முறையிட்டேன், பதில் வரவே இல்லை. விடியற்காலையில் எடுக்கலாமென்றால் ஹடீடா பறவைகள் கூரைமேல் உட்கார்ந்து கத்துகின்றன. கடைசியில் சட்டையில் மாட்டும் மைக் வாங்கினேன், முதலிலேயே வாங்கியிருக்க வேண்டிய பொருள் அதுதான்.

காசு? யூடியூபில் நீளக் காணொளிகள் வழியாக விளம்பரப் பங்கு கிடைக்க 1,000 சந்தாதாரரும் பன்னிரண்டு மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். நான் இன்னும் அங்கே போகவில்லை. வேலை வந்தது, அது உண்மை, வாட்ஸ்அப்பில் குரல் கேட்டுக் கூப்பிட்டவர்களிடமிருந்து.

இன்ஸ்டாகிராமை 2025 மார்ச்சில் நிறுத்திவிட்டேன். படத்துக்குக் கீழே இணைப்பு போட்டால் சொடுக்க முடியாது, இன்வெர்ட்டர் மாட்டுவதை ஒரு நிமிடத்தில் காட்டினால் பாதுகாப்புக்கான பகுதிதான் முதலில் வெட்டுப்படும். மெயின் சுவிட்சை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்து, அப்புறம் கை வைக்கிற அந்த நிதானத்தை வெட்ட எனக்கு மனம் வரவில்லை.

இப்போது கூரையில் சோலார் தகடுகளுக்கு எர்த் கொடுப்பதைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுத்து முடிந்துவிட்டது, படம் இரண்டு பாக்கி. குரல் பதிவை அனுப்புவதற்கு முன்னால் சாட்ஸ்வர்த் ஆன்ட்டிக்குப் போட்டுக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார்.