ஜூரர் தேர்வு பற்றிய இணையவழிப் பாடம்: என் மதிப்பீடு

அமெரிக்கக் குற்ற வழக்குகளில் அரசுத் தரப்பு வழக்கறிஞர் ஜூரர்களை (குற்றவாளியா இல்லையா என முடிவுசெய்யும் பொதுமக்களை) விலக்கும் முறையைக் கற்பிக்கும் இந்தப் பாடம், காரணத்தை நீதிபதி ஏற்றால் மட்டுமே செல்லுபடியாகும் எண்ணிக்கை வரம்பற்ற ஆட்சேபணையையும், காரணமே கூறாமல் விலக்கும் உரிமையையும் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது. கூட்டாட்சி நீதிமன்றத்தில், மரண தண்டனை கோரப்படாத பெருங்குற்ற வழக்குகளில், பின்னது அரசுத் தரப்புக்கு 6 முறையும் எதிர்தரப்புக்கு 10 முறையும் உண்டு. இன அடிப்படையில் எவரையும் விலக்கலாகாது என்ற அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1986ஆம் ஆண்டு பேட்சன் தீர்ப்பை ஆசிரியர் மிகப் பொறுமையாக விளக்குகிறார். இனத்தோடு தொடர்பற்றதாகத் தோன்றும் ஏதோ ஒரு காரணத்தைச் சொல்லி, உண்மையான நோக்கத்தை மறைத்துவிட முடிகிறது என்பதையும் (என்னை மிகவும் வருத்திய பகுதி இதுவே) அவர் தயங்காமல் எடுத்துரைக்கிறார். ஆனால், 2022 முதல் அரிசோனா மாநிலம் காரணம் கூறாமல் விலக்கும் உரிமையையே நீக்கிய மாற்றத்துக்கு ஒரே வாக்கியம் ஒதுக்கியது பெருங்குறை; அதற்குத் தனி வகுப்பே தேவை.