பத்து அங்குலத் திரையும் நாலு சதவீதமும்

தேவகோட்டையில் இருக்கும் நண்பர் ஒருவர், டேப்லெட் விலை இறங்கியிருக்கிறதே, வாங்கலாமா என்று போன வாரம் கேட்டார். அவர் கேட்ட நேரம் சரியில்லை. அன்று காலையில்தான் காரைக்குடி நூறடிச் சாலையில் ஒரு கடையில் 2,300 ரூபாய் கொடுத்து என் டேப்லெட்டுக்குப் புது பேட்டரி மாற்றிக்கொண்டு வந்திருந்தேன்.

2021-இல், பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, மகளின் இணைய வகுப்புக்காக வாங்கியது அது. 10.1 அங்குலத் திரை. சிம் போட வழியில்லாத, வைஃபை மட்டும் உள்ள வகை. பள்ளி திறந்ததும் அதன் வேலை முடிந்தது. அதன் பிறகு இந்த நான்கைந்து ஆண்டுகளில், தேவைப்பட்டு நான் எடுத்த எந்த நாளிலும் அதில் சார்ஜ் இருந்ததில்லை. மிகைப்படுத்துகிறேன் என்று வீட்டில் சொல்வார்கள். ஆனால் செல்பேசியை இரவானால் மறக்காமல் சார்ஜில் போடும் அதே வீடுதான், டேப்லெட்டை வாரக்கணக்கில் அலமாரியில் கிடத்திவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எடுத்துப் பார்த்து நாலு சதவீதம் என்று காட்டுகிறதே என்று என்னைக் கேட்கிறது. அணைக்காமல் வைத்தால், திரை இருண்டிருந்தாலும் உள்ளே வைஃபையும் செயலிகளும் விழித்துக்கொண்டு சிறுகச் சிறுகக் குடித்துக்கொண்டேதான் இருக்கும். அணைத்து வைத்தாலோ, அவசரத்துக்கு எடுக்கும்போது அது உயிர்பெற்று வருவதற்குள் கேட்க வந்தவர் செல்பேசியில் பார்த்துவிட்டுப் போய்விடுவார். தினமும் பயன்படாத பொருளைத் தினமும் கவனிக்க வேண்டியிருப்பதுதான் இதில் எனக்குள்ள தீராத எரிச்சல்.

சித்திரை வெயிலில் அதன் பின்பக்கம் உப்பியது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வைத்தால் ஒரு மூலை எழும்பி ஆடியது. திரையின் ஓரம் நூலளவு பிரிந்திருந்தது. கடைக்காரத் தம்பி மூடியை நெம்பித் திறந்து, தலையணை போலிருந்த பேட்டரியைக் காட்டி, “சும்மா வச்சே கெடுத்திருக்கீங்கண்ணே” என்றார். அவர் சொன்னது நியாயந்தான். லித்தியம் பேட்டரிக்கு முழு வயிறும் ஆகாது, வெறும் வயிறும் ஆகாது. நாங்கள் முற்றிலும் வடியவிட்டு, பிறகு இரண்டு நாள் பிளக்கிலேயே மறந்து, புழுக்கமான அறையில் வைத்திருந்தோம். உள்ளே வேதிப்பொருள்கள் சிதைந்து வாயு சேர, உறை உப்பிவிட்டது. நெடுநாள் எடுக்காமல் வைப்பதானால் பாதியளவு சார்ஜோடு அணைத்து, சூடில்லாத இடத்தில் வைக்க வேண்டுமாம். மின்வேதியியலுக்கென்றே 1953 முதல் ஓர் ஆராய்ச்சி நிலையம் இயங்கும் ஊரில், லித்தியம் பேட்டரிகளை ஆராய்கிறவர்கள் கூப்பிடு தூரத்தில் இருக்க, இந்தப் பாடத்தை 2,300 ரூபாய்க்குப் படித்தேன்.

இத்தனை கோபத்திலும் மறைக்கக் கூடாத ஒன்று உண்டு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைத்திருக்கிறார்கள். படமாக இருப்பதால் எழுத்தைப் பெரிதாக்கினால் வரி மடங்கி வராது. செல்பேசியில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தை இழுத்து இழுத்துத் தள்ள வேண்டும். டேப்லெட்டில் அந்தத் தொல்லை இல்லை. அதை நெட்டாகப் பிடித்தால் திரை ஏறக்குறைய எட்டரைக்கு ஐந்தேகால் அங்குலம். நம் பதிப்பகத்தார் டெம்மி என்று சொல்லும் புத்தகப் பக்கத்தின் அளவுக்கு வெகு அருகில். அதனால் அச்சில் இருந்த அளவிலேயே பக்கம் வந்து நிற்கிறது. கோட்டையூரில் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்கள் சென்னைக்குப் போய் 1994-இல் அங்கே நூலகமாகிவிட்ட பிறகு, பழைய பதிப்புகளை எங்கள் பக்கத்தில் உட்கார்ந்த இடத்திலேயே புரட்ட முடியும் என்று நான் நினைத்ததில்லை. எங்கள் ஆத்தா கண்புரை சிகிச்சைக்குப் பின் புத்தகத்தையே விட்டிருந்தார். இப்போது மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் வளவில் தூணோரம் சாய்ந்து, டேப்லெட்டை மடித்த போர்வையின் மேல் நிறுத்தி, பழைய மாத இதழ்களின் தொகுதி ஒன்றை வாசிக்கிறார், விளம்பரங்களைக்கூட விடுவதில்லை. முகப்பில் இருக்கும் வைஃபை எங்கள் சுவர்களைத் தாண்டி உள்ளே வராததால் நான் முன்கூட்டியே பதிவிறக்கி வைக்க வேண்டும். அவ்வளவே.

வேறு எதற்கும் அது உதவியதாகச் சொல்ல மாட்டேன். பணம் அனுப்ப செல்பேசி வேண்டும். கணக்கெழுத மடிக்கணினி வேண்டும். தமிழில் நாலு வரி தட்டச்சு செய்யலாம் என்றால் விசைப்பலகை பாதித் திரையை விழுங்கிவிடுகிறது. படுத்துக்கொண்டு படிக்கலாம் என்பார்கள். அரைக் கிலோ எடையை முகத்துக்கு மேலே தூக்கிப் பிடித்துப் பார்த்தால் தெரியும்.

ஆகவே நண்பரிடம் வேண்டாம் என்றே சொன்னேன். கையில் செல்பேசியும் மேசையில் கணினியும் இருக்கும் வீட்டுக்கு இது மூன்றாவது தேவை. மூன்றாவதாக வந்ததை யாரும் கவனிப்பதில்லை. அவர் சற்று யோசித்துவிட்டு, அப்படியானால் உங்களுடையதையே பாதி விலைக்குத் தந்துவிடுங்களேன் என்றார். அதற்கில்லை என்று சொல்லிவிட்டேன். ஆத்தா 1940-களைத் தாண்டவில்லை. இன்னும் எத்தனையோ தொகுதிகள் பதிவிறக்க வேண்டியிருக்கிறது.