டீசல் பிக்கப்பில் ஒன்பதாயிரம் பவுண்டு: ராம் 2500 நீண்ட நாள் அனுபவம்

அமெரிக்காவில் கொலராடோ மலைப் பக்கம், டென்வர் அருகே இருக்கிறேன். வண்டி 2021 ராம் 2500, நாலு கதவு, ஃபோர் வீல் டிரைவ், 6.7 லிட்டர் கம்மின்ஸ் டீசல் எஞ்சின். பின்னால் இழுப்பது குடும்பத்தோடு தங்கும் கேம்பர் டிரெய்லர். தண்ணீர், சாமான் எல்லாம் ஏற்றிய பிறகு 9,000 பவுண்டு, கிலோவில் சொன்னால் நாலு டன்னுக்குக் கொஞ்சம் மேல். இங்கே நம் ஆட்கள் நிறைய பேர் டிரெய்லர் வாங்க ஆரம்பித்திருக்கிறார்கள், எல்லாரும் முதலில் கேட்பது "எவ்வளவு இழுக்கும்?" என்றுதான். நன்றாகவே இழுக்கும். 370 குதிரைத்திறன், 850 பவுண்டு-அடி டார்க் இருக்கிற எஞ்சின் அது, டென்வரிலிருந்து ஐ-70 நெடுஞ்சாலையில் மேற்கே ஏறும்போது எஞ்சின் திணறி நான் பார்த்ததே இல்லை. ஆனால் பாதுகாப்பு என்று வந்தால் நான் பார்ப்பது வேறு இரண்டு விஷயம்: வண்டியின் முதுகில் எவ்வளவு பாரம் உட்காருகிறது, மலை இறங்கும்போது எப்படி வேகத்தைப் பிடித்து வைப்பது.

முதுகுப் பாரத்தை முதலில் சொல்கிறேன். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று. என் வண்டியில் அது 2,150. இதைத்தான் பேலோட் என்கிறார்கள். டிரெய்லரின் முன்முனை ஹிட்ச் மேல், அதாவது டிரக்கின் பின்னால் டிரெய்லரை மாட்டும் இணைப்பின் மேல் அழுத்தும் எடை, அதாவது டங் வெயிட், இந்தக் கணக்கில்தான் வரும். கேம்பர் டிரெய்லர் ஆடாமல் வர வேண்டுமென்றால் அதன் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்முனையில் இருக்க வேண்டும், எனக்கு அது 1,150 பவுண்டு. அந்த எடையில் ஒரு பங்கைக் கம்பிகள் வழியாக முன் அச்சுக்கும் பகிர்ந்து கொடுக்கும் வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் மட்டுமே 100 பவுண்டு. நாங்கள் நாலு பேர் 560. பின் பெட்டியில் ஜெனரேட்டர், கருவிப் பெட்டி, ஐஸ் பெட்டி, சக்கரத்துக்கு வைக்கும் கட்டைகள் எல்லாம் சேர்ந்து 250. கூட்டினால் 2,060. மிச்சம் 90 பவுண்டு! விளம்பரத்தில் 20,000 பவுண்டை ஒட்டி இழுக்கும் என்று போடும் வண்டி வகை, அதில் பாதிக்கும் குறைவான டிரெய்லரை மாட்டினாலே பேலோட் முடிந்துவிடுகிறது.

விளம்பர எண் பொய் என்று நான் சொல்லவில்லை. அதற்கென்று எஸ்ஏஇ ஜே2807 என்று ஒரு சோதனை முறையே இருக்கிறது. அரிசோனாவில் டேவிஸ் டாம் ஏற்றம், 11.4 மைல், கொதிக்கும் வெயிலில் ஏசியை முழுதாகப் போட்டுக்கொண்டு, வேகம் மணிக்கு 40 மைலுக்குக் கீழே இறங்காமல் ஏற வேண்டும் (பின்னால் இரட்டைச் சக்கரம் இருந்தால் 35). இப்படிப் பார்த்து எண்ணைச் சொல்லும் பழக்கத்தை 2011-இல் டொயோட்டாதான் முதலில் ஆரம்பித்தது, மற்ற கம்பெனிகள் அப்புறம் வந்தன. நல்ல முறைதான், ஆனால் சோதனை வண்டியில் உங்கள் பிள்ளைகளும் ஜெனரேட்டரும் இருக்க மாட்டார்கள். ஃபிஃப்த் வீல் டிரெய்லர், அதாவது பின் பெட்டிக்கு உள்ளேயே மாட்டுவது, இன்னும் கடினம். அதில் 15 முதல் 25 சதவீதம் வரை வண்டி மேல் உட்காரும். 20,000-க்கு வெறும் 15 சதவீதம் போட்டாலே 3,000 பவுண்டு, என் ஸ்டிக்கரைத் தாண்டி எங்கேயோ போய்விடும். டீசல் 2500-இல் பேலோட் ஏன் இவ்வளவு குறைவு என்றால், வண்டியின் மொத்த எடை வரம்பை 10,000 பவுண்டில் நிறுத்தியிருக்கிறார்கள், அதைத் தாண்டினால் வண்டி அடுத்த வகுப்புக்குப் போய்விடும். அந்த வரம்புக்குள்ளேயே கம்மின்ஸ் எஞ்சினின் கனமும் அடங்க வேண்டும். ஒரு டிரெய்லர் கடையில் பெரிய ஃபிஃப்த் வீல் ஒன்றைக் காட்டி "உங்கள் டிரக் தூங்கிக்கொண்டே இழுக்கும்" என்றார் விற்பனையாளர். கதவு ஸ்டிக்கரைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. எனக்கு அது கோபம் வர வைத்த விஷயம், ஏனென்றால் நம்பி வாங்கிப் போகிறவர் குடும்பத்தை ஏற்றிக்கொண்டுதான் போகப்போகிறார்.

அதனால் எடை போடுங்கள். நெடுஞ்சாலை ஓரம் லாரிகள் நிற்கும் டிரக் ஸ்டாப்களில் கேட் ஸ்கேல் என்ற எடை மேடை இருக்கும், பெரிய செலவில்லை, பிக்கப்பும் ஏறலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். முன் அச்சு ஒரு பலகையில், பின் அச்சு அடுத்ததில், டிரெய்லர் மூன்றாவதில் நிற்கிற மாதிரி நிறுத்தினால் மூன்றும் தனித்தனியாக அச்சாகி வரும். டிரெய்லரோடு ஒரு முறை, ஹிட்ச் கம்பிகளைக் கழற்றிவிட்டு ஒரு முறை, டிரெய்லரே இல்லாமல் ஒரு முறை. கம்பி இல்லாத எடையில் டிரக்கின் இரண்டு அச்சையும் கூட்டி, அதிலிருந்து வெறும் டிரக்கின் எடையைக் கழித்தால் உங்கள் உண்மையான டங் வெயிட் கிடைக்கும். டிரெய்லர் மாட்டியதும் முன் அச்சு எவ்வளவு லேசாகிறது, கம்பி போட்டதும் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதும் அதே சீட்டில் தெரிந்துவிடும். எவ்வளவு திரும்பி வர வேண்டும் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கிறது, அதன்படி கம்பியை இறுக்குங்கள். தண்ணீர்த் தொட்டியையும் மறக்க வேண்டாம், ஒரு காலன் 8.3 பவுண்டு, 50 காலன் என்றால் 400-க்கு மேல். தொட்டி டிரெய்லரின் அச்சுக்குப் பின்னால் இருந்தால் நிரப்ப நிரப்ப முன்முனை லேசாகும், ஆட்டம் அங்கேதான் ஆரம்பிக்கும்.

சரி, இறக்கத்துக்கு வருகிறேன். ஐ-70-இல் ஐசன்ஹோவர் சுரங்கம் 11,000 அடிக்கு மேலே. மேற்கே போனால் சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததும் சில்வர்தோர்ன் வரை இறக்கம், சரிவு 7 சதவீதம் வரை, பிரேக் போன லாரிகள் ஏறி நிற்க ஓரத்தில் சரளைக்கல் பாதையே போட்டு வைத்திருக்கிறார்கள். என் டிரக்கும் டிரெய்லரும் சேர்ந்து 17,500 பவுண்டு. 7 சதவீதச் சரிவு அதை 1,200 பவுண்டு விசையோடு கீழே தள்ளுகிறது. மணிக்கு 50 மைலில் அதை அப்படியே பிடித்து வைக்க 160 குதிரைத்திறன் வேண்டும். காற்றும் டயர் உராய்வும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும், மீதியெல்லாம் எங்காவது வெப்பமாகப் போயே ஆக வேண்டும். பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கினால் அது முழுக்க பிரேக் டிஸ்க்கில் போகும், கொஞ்ச நேரத்தில் பெடல் அழுத்தியும் வண்டி நிற்காது.

டீசல் எஞ்சினில் இன்னொன்று. பெட்ரோல் வண்டியில் காலை எடுத்தால் த்ராட்டில் மூடிக்கொண்டு எஞ்சினே கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும், டீசல் காற்றைத் தடுக்காமல் உள்ளே விடுவதால் தானாக அவ்வளவு பிடிக்காது. அதற்குத்தான் எக்ஸாஸ்ட் பிரேக். டர்போவின் உள்ளே இருக்கும் ஒரு வளையம் நகர்ந்து புகை வெளியேறும் வழியைக் குறுக்கும், பிஸ்டன் அந்த அழுத்தத்தை எதிர்த்து வேலை செய்ய வேண்டியிருப்பதால் வண்டி அடங்கும். இந்த வண்டியில் எனக்கு மிகப் பிடித்தது எது என்றால் அந்த ஒரு பட்டன்தான். முழு வலுவோடு வண்டியின் வேகத்தைக் குறைக்க ஒரு நிலை, இறக்கத்தில் இருக்கிற வேகத்தை அப்படியே பிடித்து வைக்க ஆட்டோ என்று இன்னொரு நிலை. பாரம் இழுக்கும்போது கியர் மாறும் விதத்தை மாற்றும் டோ/ஹால் மோடோடு சேர்த்துப் போட்டால் கியரும் தானாக இறங்கும். ஆர்பிஎம் அதிகம் இருந்தால்தான் எக்ஸாஸ்ட் பிரேக்குக்கு வலு, எஞ்சின் சத்தம் போடுகிறதே என்று பயந்து கியரை ஏற்றிவிடாதீர்கள். வேகத்தை உச்சியிலேயே குறைத்துவிட வேண்டும், பாதிச் சரிவில் குறைக்கப் பார்ப்பது ரொம்பத் தாமதம். அதற்கு மேலும் வேகம் கூடினால் கால் பிரேக்கை நன்றாக அழுத்தி ஐந்து பத்து மைல் குறைத்துவிட்டு முழுதாக விட்டுவிடுங்கள், லேசாக அழுத்தியபடியே வராதீர்கள். பனியும் ஐஸும் இருக்கிற ரோட்டில் எக்ஸாஸ்ட் பிரேக்கை அணைத்துவிடுவேன். ஃபோர் வீல் போடாதபோது அது பின் சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும், பின் சக்கரம் வழுக்கினால் டிரெய்லர் தள்ளி டிரக்கை மடக்கிவிடும்.

டிரெய்லர் பிரேக்குக்கு டாஷ்போர்டிலேயே கன்ட்ரோலர் இருக்கிறது, டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் போட அதில் ஒரு பிடி உண்டு. காலியான சமதள ரோட்டில் 20, 25 மைல் வேகத்தில் அந்தப் பிடியை முழுக்க அழுத்திப் பார்த்து, டிரெய்லர் சக்கரம் பூட்டிக்கொள்வதற்குச் சற்றுக் கீழே கெயினை, அதாவது டிரெய்லர் பிரேக் பிடிக்கும் வலுவின் அளவை, வையுங்கள். டிரெய்லர் வால் ஆட்ட ஆரம்பித்தால் கால் பிரேக்கைத் தொடாமல், ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்துவிட்டு அந்தப் பிடியை மட்டும் அழுத்த வேண்டும். வீட்டில் வண்டி ஓட்டும் எல்லாருக்கும் இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

டயர். டிரெய்லரோடு வந்த டயர் ஒன்று யூட்டாவில் கடும் வெயிலில் வெடித்துச் சக்கரத்துக்கு மேலே இருந்த தரைப்பலகையையும் கிழித்துவிட்டது. நான்கையும் அதிக பாரம் தாங்கும் லோட் ரேஞ்ச் ஈ டயராக மாற்றி, காற்றழுத்தம் காட்டும் சென்சாரும் போட்டேன், அதன் பிறகு தொல்லை இல்லை. டயர் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண் எந்த வாரம், எந்த வருடம் செய்தது என்று சொல்லும், பழைய டிரெய்லர் வாங்குகிறவர்கள் அதைப் பாருங்கள். டிரெடு புதிது மாதிரி இருந்தாலும் ரப்பர் கெட்டுப் போயிருக்கலாம். 65 மைலுக்கு மேல் நான் போவதில்லை. கலிஃபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும் எந்த வண்டிக்கும் 55தான் வரம்பு.

செலவு பற்றி. டிரெய்லரோடு ஒரு காலனுக்கு 10 மைலை ஒட்டி, வெறும் வண்டி நெடுஞ்சாலையில் 19, 20. எஞ்சின் ஆயில் 12 குவார்ட் பிடிக்கும், எரிபொருள் ஃபில்டர் இரண்டு, புகையைச் சுத்தம் செய்ய ஊற்றும் டிஇஎஃப் என்ற யூரியாக் கரைசல் தனி. பாரம் இழுத்து ஓடும்போது புகை நன்றாகச் சூடாகி, கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி தானே சுத்தமாகிவிடும், வாரம் முழுக்க இரண்டு மைல் கடைக்குப் போய் வர மட்டும் இந்த வண்டியை வைத்திருந்தால் அது அடைத்துக்கொள்ளும். மலை ஏறி வந்து நிறுத்தியதும் உடனே அணைக்காமல் டர்போ ஆற ஓரிரு நிமிடம் ஓட விடுங்கள்.

நான் வாங்கியபோது டீசல் எஞ்சினுக்கு மட்டும் ஒன்பதாயிரம் டாலருக்கு மேல் கூடுதல். வருடத்தில் இரண்டு தடவை, சமவெளியில், ஆறாயிரம் பவுண்டு இழுக்கிறவருக்கு அது தேவையில்லை. 6.4 லிட்டர் பெட்ரோல் 2500 போதும், அதில் பேலோடும் அதிகம். ஆனால் டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் சுமார் மூன்று சதவீதம் வலுவை இழக்கும், ஐசன்ஹோவர் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். எங்களைப் போல் மலைப் பக்கம் இருந்துகொண்டு அடிக்கடி இழுத்தால் டீசல்தான். ஃபிஃப்த் வீல்தான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டவர்கள் 2500-ஐப் பார்க்கவே வேண்டாம், அதே எஞ்சின் அடுத்த பெரிய மாடலான ராம் 3500-இல் வருகிறது, விலை வித்தியாசமும் பெரிதில்லை. காசு கொடுப்பதற்கு முன்னால் நீங்கள் வாங்கப்போகும் அதே வண்டியின் கதவைத் திறந்து ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், ஒரே மாடலில் சன்ரூஃபும் உயர்ந்த இருக்கையும் சேர்ந்த வண்டியில் பேலோட் நூற்றுக்கணக்கில் குறைந்திருக்கும்.