முழு இயைபா, அரை இயைபா?

ஏற்காட்டைப் பற்றி ஆங்கிலத்தில் பாட்டெழுதும் சேலத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி கட்டாயம் வரும். இயைபு என்றால் வரிகளின் கடைசிச் சொற்கள் ஒலியில் ஒத்து வருவது, அதாவது ரைம். முழு இயைபில், அழுத்தம் விழும் உயிரொலியிலிருந்து கடைசிவரை எல்லாம் ஒத்திருக்க வேண்டும்: ‘லேக்’–‘வேக்’, ‘மிஸ்ட்’–‘ட்விஸ்ட்’. குழந்தைப் பாட்டுக்கு இதுதான் சரி, காதில் உடனே ஒட்டும். ஆனால் ‘காஃபி’க்கு ‘டாஃபி’யை விட்டால் பெரிதாக எதுவும் கிடைக்காது. ‘மன்த்’துக்கு அதுகூட இல்லை.

அங்கேதான் அரை இயைபு கைகொடுக்கும்: ‘லேக்’குடன் ‘லேட்’, ‘ரெயின்’. உயிரொலி ஒன்றானால் போதும், மெய் மாறலாம். ராப் எழுதுகிறவர்களுக்கு என் ஓட்டு இதற்கே. ஒலிக்காகப் பொருளை வளைக்க வேண்டியதில்லை. அப்புறம், எதை எடுத்தாலும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘லவ்’வும் ‘மூவ்’வும் ஆங்கில எழுத்தில் ஒன்றுபோல முடியும், ஒலியில் சேராது.