தனிச் சோதனையா, உள்ளடங்கிய அளவையா?

லேசான தலைக்காயத்துக்கு இழப்பீடு கோரும் ஒருவர் ஞாபகச் சோதனையில் மிகக் குறைந்த மதிப்பெண் பெற்றால், அது மூளையின் பாதிப்பால் வந்ததா, முழு முயற்சி இல்லாததால் வந்ததா என்பதை நரம்பு உளவியலாளர் முதலில் தீர்த்தாக வேண்டும். அதற்கென்றே அமைந்த தனிச் சோதனை ஒரு வழி. வழக்கமான சோதனைக்குள்ளேயே அடங்கியிருக்கும் அளவை மற்றொரு வழி.

முதல் வகையில் பரவலாகப் பயன்படுவது 1996-இல் உளவியலாளர் டோம்பா வெளியிட்ட 'டாம்' (TOMM) என்ற ஞாபகச் சோதனை. 50 கோட்டுப் படங்களை ஒவ்வொன்றாக 3 விநாடி காட்டிய பிறகு, பார்த்த படத்தையும் புதிய படத்தையும் ஒருசேரக் காட்டி, முன்பு பார்த்தது எது என்று கேட்பார்கள். பிறகு அதே படங்களைக் கொண்டு இரண்டாம் சுற்றும் நடக்கும். கடினமாகத் தோன்றும் இந்தச் சோதனை உண்மையில் எளிது. மூளைக்காயம் பட்டவர்களில் பலரும் இரண்டாம் சுற்றில் ஏறத்தாழ முழு மதிப்பெண் பெறுகிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு சுட்டினாலே சுமார் 25 சரியாக வரும் என்பதால், 18-க்கும் கீழே இறங்குபவர் சரியான விடையை அறிந்தே தவிர்த்திருக்கிறார் என்று கருத வலுவான இடமுண்டு. ஆனால் அந்த அளவுக்கு இறங்குபவர்கள் சிலரே. நேரம் பிடிப்பதும், முன்கூட்டியே சொல்லிக் கொடுத்து அனுப்ப முடிவதும் இதன் குறைகள். முற்றிய மறதி நோயில் நேர்மையாக முயல்பவரும் தவறக்கூடும்.

இரண்டாம் வகைக்கு, 1994-இல் கிரைஃபென்ஸ்டைன் குழுவினர் முன்வைத்த எண் தொடர் அளவை நல்ல எடுத்துக்காட்டு. சோதிப்பவர் சொல்லும் எண்களை நேர்வரிசையிலும் தலைகீழாகவும் திருப்பிச் சொல்லும் வழக்கமான சோதனையில், ஒவ்வொரு நீளத்துக்கும் இரு தொடர்கள் உண்டு. இரண்டையும் சரியாகச் சொன்ன மிக நீண்ட நீளத்தை இரு வரிசைகளிலும் எடுத்துக் கூட்டுவதே இந்த அளவை. ஒருவர் 5 எண்கள் கொண்ட இரு தொடர்களையும் நேர்வரிசையில் சரியாகச் சொல்லி, 6 எண்களில் ஒன்றைத் தவறவிட்டு, தலைகீழாக 3 எண்கள் கொண்ட இரண்டையும் சரியாகச் சொல்லி, 4 எண்களில் ஒன்றைத் தவறவிட்டால், அவருக்கு 5-உம் 3-உம் சேர்ந்து 8. கூட்டுத்தொகை 7 அல்லது அதற்குக் கீழே போனால் ஐயம் எழும். தவறான குற்றச்சாட்டைக் குறைக்கப் பலர் 6-ஐயே எல்லையாகக் கொள்கிறார்கள். கூடுதல் நேரம் தேவையில்லை. தம் முயற்சி அளக்கப்படுவதும் எதிரே இருப்பவருக்கு எளிதில் தெரியாது. எனினும், திறனையும் முயற்சியையும் ஒரே எண்ணில் கலந்து அளப்பதால், அறிவுத்திறன் குறைந்தவரையும், தமக்குப் பழக்கமில்லாத மொழியில் சோதிக்கப்படுபவரையும் இது அநியாயமாகப் பிடித்துவிடும்.

ஆகவே தனிச் சோதனையை அச்சாணியாக வைத்து, உள்ளடங்கிய அளவைகளை அமர்வு முழுவதும் துணைக்குக் கொள்வதே சரி என்பது என் உறுதியான கருத்து. ஒன்றில் மட்டும் தவறியவரை உடனே ஐயப்படக் கூடாது. பலவற்றில் தவறினாலும், 'நடிக்கிறார்' என்று எழுதிவிடாமல், 'இந்த மதிப்பெண்களைக் கொண்டு பாதிப்பை முடிவு செய்ய இயலாது' என்றே அறிக்கை சொல்ல வேண்டும். அதே அமர்வில் அவர் நன்றாகச் செய்த பகுதிகள் இருந்தால், அவருக்குக் குறைந்தபட்சம் அந்த அளவு திறனாவது உண்டு என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.